ரெண்டு தாங்கி லொறி

நாரந்தனைக் கிறேசம்மாவின் லொறிக்கு இரண்டு பக்கமும் டீசல் தாங்கி. ஊர்காவற்றுறையில் ஏற்றும் மீனைக் கொழும்புச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பிவர ஒரு தாங்கி காணாது. ஐஸில் கிடக்கிற மீனோடு வழியில் டீசலுக்குக் காத்து நிற்கவும் ஏலாது. அதனால் லொறி வாங்கின கையோடு இரண்டாவது தாங்கியையும் பூட்டுவித்தாள். "பொம்பிளை லொறி ஓடுறதே பெரிய கதை. அதுக்குள்ளை ரெண்டு தாங்கியோ?" என்று சிரித்தவர்களுக்கு ஓடிக் காட்டினாள்.

2022இல் டீசலுக்கு நாடே வரிசையில் நின்றது. ஒருநாள் பெற்றோல் செட்டில் அவளுடைய முறை வந்தபோது பின்னால் உழவு இயந்திரத்தில் இருந்தவன் கத்தினான்: "பதுக்கல்காரிக்கு டீசல் அடிக்காதேங்கோ!"

சனம் கூடிவிட்டது. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் மரியநாயகம் முன்னால் வந்தார்.

"கிறேசம்மா, ஒரு தாங்கியைக் கழட்டிவிடும். சங்கத்துக்கும் கெட்ட பேர்."

"கழட்டமாட்டன் அண்ணை. ஒளிச்சோ வைச்சிருக்கிறன்? ரெண்டும் வெளியிலைதானே தொங்குது. உங்கடை மீன்தான் இதிலை போறது."

தாங்கிக்கு முன்னாலிருந்து அவள் விலகவில்லை. கடைசியில் பெற்றோல் செட் முதலாளி ஒரு தாங்கிக்கு மட்டும் அடிக்க ஒப்புக்கொண்டார். மற்றதில் பழைய டீசல் முக்காலுக்கு மேல் கிடந்தது. அன்றைக்கே மீனை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டாள். மீன் பெட்டி கட்டுகிற துசாராவும் கூட வந்தாள்.

வவுனியா தாண்டியதும் லொறி இருமி இருமி நின்றுவிட்டது. கிறேசம்மா இறங்கி டீசல் வடிகட்டியைத் திறந்தாள். அன்றைக்கு அடித்த டீசலோடு தண்ணீர் வடிந்தது.

"அக்கா, மீன் பழுதாகப் போகுது," என்று துசாரா அழுதாள்.

"அழாதை. மற்றத் தாங்கி கிடக்கு."

வடிகட்டியைத் துடைத்து, வால்வை மற்றத் தாங்கிக்குத் திருப்பி, குழாயில் நின்ற காற்றை எடுத்தாள். மூன்றாம் தடவை இயந்திரம் பிடித்தது. விடியமுன்னம் மீன் சந்தையில் இறங்கியது.

திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. கெட்ட டீசலைப் பிளாஸ்ரிக் கானில் எடுத்துக்கொண்டு நேரே பெற்றோல் செட்டுக்குப் போய், லொறியைப் பம்படியில் நிறுத்தி, வரிசையில் நின்ற எல்லாரும் பார்க்கக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றினாள். அடியில் தண்ணீர் தனியாய் நின்றது.

"இப்பிடிக் கதை கட்டினால் இனி உமக்கு டீசல் இல்லை," என்றார் முதலாளி.

"சரி. அப்ப லொறி இதிலையே நிக்கட்டும்."

லொறித் திறப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு லொறிக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், ஏசினார்கள். அவள் அசையவில்லை. அன்றைக்குக் கத்தின உழவு இயந்திரக்காரன் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முதலாளியிடம் திரும்பினான்: "இதையோ எங்களுக்கும் அடிச்சனீங்கள்?" ஏச்செல்லாம் அந்தப் பக்கம் போனது. மத்தியானத்துக்குள் முதலாளிக்குச் செட்டின் நிலத்தடித் தாங்கியைத் திறந்து தண்ணீரை இறைக்க வேண்டியதாய்ப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு டீசல் அடித்தார்கள், இரண்டு தாங்கிக்கும். மரியநாயகம் அங்கேதான் நின்றார்.

"கழட்டச் சொன்னதை மனசிலை வையாதையும்," என்றார்.

"வைப்பன் அண்ணை," என்றாள் கிறேசம்மா. "நாளைக்கு மீனை நேரத்துக்குக் கொண்டு வாங்கோ."