லியோந்தின் சொன்ன எடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில் நடிகை லியோந்தின் மார்சாக்கின் பெயர் பாரிஸ் சுவரொட்டிகளில் இருக்கத்தான் செய்தது. மூன்றாவது வரியில், சின்ன எழுத்தில். இருபத்தைந்து வருடம் மேடையேறியும் முப்பத்திரண்டு வயதைத் தாண்டாத அதிசயப் பிறவி அவள். புதிய நாடகத்தில் நாயகி விமானம் ஓட்டுகிறவள். நிஜமாகவே பறந்து காட்டுகிறவளுக்குத்தான் அந்த வேடம் என்று கொட்டகை முதலாளி புஜோல் அறிவித்துவிட்டார். இளம் நடிகைகள் பயந்து ஒதுங்கினார்கள். லியோந்தின் பறக்காவிட்டால் அவளுக்கு நாயகியின் தாய் வேடம்தான். ரேன்ஸ் நகரத்துப் பக்கத்து விமானி கசிமீருக்குக் கடிதம் போட்டாள். அவன் எடை கேட்டான். ஐம்பத்திரண்டு கிலோ என்று கூசாமல் எழுதினாள்.

அதை நம்பி அவன் தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றினான். பாவம், நடிகைகளோடு பழக்கமில்லாதவன்.

பீட்ரூட் வயலோரம் நான்கு நிருபர்கள் நின்றார்கள். விமானம் கோடி வரை ஓடியது, எழும்பவில்லை. இரண்டாம் முறை வேலியில் மூக்கை முட்டியது. கசிமீர் இஞ்சினைத் துடைத்தான், திட்டினான். இஞ்சின் என்ன செய்யும்? சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய் பின்னால் உட்கார்ந்திருந்ததே! கடைசியில் அவன், மழை வரப்போகிறது, உங்கள் ஒப்பனைக்காரி கிளமான்ஸ் ஒல்லியாக இருக்கிறாள், அவளையே ஏற்றிக்கொள்கிறேன் என்றான். பறப்பது ஒரு பெண்ணாக இருந்தால் நிருபர்களுக்குப் போதுமாம்.

லியோந்தினுக்கு வயிறு எரிந்தது. தனக்கு ஊக்கு மாட்டிவிடுகிறவள் வானத்தில், தான் வயலிலா? கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரலில் சொன்னாள்:

"இஞ்சின் மேல குத்தமில்ல தம்பி. நான் எழுபத்தோரு கிலோ."

கிளமான்ஸ் ஓடிவந்து காதைக் கடித்தாள். "அதோட நிறுத்துங்கம்மா. அப்படியே வயசையும் சொல்லிடாதீங்க."

நிருபர்கள் குறித்துக்கொண்டார்கள். கசிமீர் பாதிப் பெட்ரோலை வடித்தான். எடை குறைய லியோந்தினின் தொப்பியும் கம்பளி அங்கியும் வயலில் விழுந்தன. விமானம் எழும்பியது. மூன்றே நிமிடம், மாதாகோயில் மணிக்கூண்டில் பாதி உயரம். அவள் வாய்விட்டு அழுதாள். பார்க்க ஆளில்லாத இடத்தில் தனக்கு அழுகை வருமென்று அவளுக்கே அதுவரை தெரியாது.

மறுநாள் பத்திரிகைகள் இஞ்சினைப் பாராட்டின. எழுபத்தோரு கிலோவைத் தூக்கிவிட்டதாம்! புஜோல் பத்திரிகையும் கையுமாகக் காத்திருந்தார். வாக்கு வாக்குதான், ஆனால் மூன்றாம் அங்கத்தில் நாயகியை மேலே தூக்குகிற மேடைக் கயிறு அறுபது கிலோவுக்கு மேல் தாங்காது, அதனால் தாய் வேடம்தான் பொருத்தம் என்று இழுத்தார்.

"வெறும் காத்தே என்னைத் தாங்கிடுச்சு முசியே. உங்க கயிறு தாங்காதா?"

அன்று மாலையே தடித்த கயிறு வாங்க ஆள் போனது.