புரட்டாசியில் விளைந்த கெளுத்தி

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே அவள் சிரித்து எழுத்து கோணிப்போனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் வீடு ஈஜோக்கில், செம்பனை மரங்களுக்கு நடுவே போகிற ஒரு கம்பத்துச் சாலையில், கிராமத்துச் சாலையில்தான், இருக்கிறது. கொல்லையில் இரண்டு பெரிய தொட்டிகள். இரும்புக் கம்பியை வட்டமாகக் கட்டி, உள்ளே தடித்த கித்தானை விரித்துத் தண்ணீர் நிரப்பியவை. அதில்தான் கெளுத்தி வளர்க்கிறோம். மலாய்க்காரர்கள் கெலி என்பார்கள். தீவன வாளியின் மூடியைத் தட்டினால் போதும், தொட்டித் தண்ணீர் உலை மாதிரிக் கொதிக்கும். அத்தனை மீசையும் மேலே வந்துவிடும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை, சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு நாளும் அத்தனை வேகமாக வந்ததில்லை.

மீன் பிடித்துத் தின்றவள்தான் நான், வளர்த்தவள் இல்லை. தோட்டத்தில் இருந்தபோது மழை விட்டதும் செம்பனைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற காண்களில் கெளுத்தி ஏறி வரும். லயத்துப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையோடு இறங்கிவிடுவோம். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் பார்க்காத மாதிரிப் போய்விடுவார். சாயங்காலம் அவர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு போகும். மீனுக்கு நாம் சாப்பாடு போடுவது என்பது எனக்கு இந்த வயதில் வந்த புதுப் பழக்கம்.

கொண்டுவந்தது மருமகள். அவள் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். விடிவதற்குள் தொழிற்சாலை பஸ் முச்சந்தியில் வந்து ஹாரன் அடிக்கும். பேத்திக்குத் தலை பின்னுவது நான்தான். என் பின்னல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேலிப் பேச்சு வாங்கிக்கொண்டு வருவாள். கோல சிலாங்கூரில் மீன் வளர்ப்புக்கு ஒரு வகுப்பு நடந்தது. லீவு போட்டுவிட்டு அதற்குப் போனவள், வந்ததும் வேலையை விடுகிறேன் என்றாள்.

லோரி ஓட்டுகிற என் மகன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "ஒரு தடவ பாப்போம். மொத மீன வித்து, அடுத்த குஞ்சுக்கும் தீவனத்துக்கும் வந்துச்சின்னா மீனு. வரலன்னா பஸ்ஸு. சரியா?"

"சரி," என்றாள் அவள். தொழிற்சாலை மேற்பார்வைக்காரம்மாவும் நல்லவள். தீபாவளிக்குள் மனசு மாறினால் வா, இடம் இருக்கும் என்று சொல்லி அனுப்பினாள்.

குஞ்சு விட நாள் பார்த்தது நான். ஆனி நடந்துகொண்டிருந்தது.

"ஆடி பொறக்குறதுக்குள்ள விட்டுரணும்," என்றேன். "ஆடியில எதையும் புதுசா தொடங்கக் கூடாது."

அவசர அவசரமாகத் தொட்டி கட்டி, ஆனியிலேயே விட்டோம். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். மீசை மட்டும் பெரிய மனுஷ மீசை.

கெளுத்தியிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. பெரியது சின்னதைத் தின்றுவிடும். அதனால் அவ்வப்போது அள்ளி, பெரியதை ஒரு தொட்டியிலும் சின்னதை இன்னொன்றிலும் பிரித்து விடவேண்டும். முதல் தடவை பிரித்தபோது செவுளோர முள் குத்தி மருமகளின் கை போண்டா மாதிரி வீங்கியது. சுடுதண்ணீரில் கையை முக்கிவிட்டு, "பஸ்ஸுல போயிருந்தா இது வருமா?" என்று சும்மா கிண்டினேன். "பஸ்ஸுல இடுப்பு வலிச்சிச்சு அத்தே, இதுல கைதானே," என்றாள். நாற்றத் தண்ணீரை மாற்றும்போது அதை வாழைக்கும் கீரைக்கும் திருப்பிவிடுவாள். அந்த வாழை போட்ட தாரைச் சொல்ல ஆரம்பித்தால் மீன் கதை நின்றுவிடும்.

மீன் வளர வளர, தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். பழைய லயத்து ஆட்கள், கோயிலில் பழக்கமானவர்கள், எல்லாரும் நம்மவர்கள். "மொத மீனு எனக்குத்தான் லா," என்று ஆளுக்கு ஆள் சொல்லி வைத்தார்கள். மருமகள் வேறு ஆள் தேடவே இல்லை.

பெரிய மீன் இருந்த தொட்டியில் ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் வந்ததும் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் போனிலேயே அவள் முகம் மாறியது.

"புரட்டாசி லா புள்ள. மறந்துட்டியா? தீபாவளிக்குக் கொண்டா, நெறையா வாங்கிக்கிறேன்."

அடுத்த போனிலும் புரட்டாசி. அதற்கடுத்ததிலும் அதேதான். எங்கள் ஆட்கள் யாரும் புரட்டாசியில் கவிச்சி தொடமாட்டார்கள். நாங்களும்தான். அன்று காலையில்தான் வீட்டைக் கழுவி, மீன் சட்டியை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றியிருந்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"ஆடிய பாத்தீங்க, புரட்டாசிய பாக்கலியே மா," என்றான் மகன்.

"நீ பாத்தியாடா? நெத்தியில நாமத்தப் போட்டுக்கிட்டு, சாம்பார ரெண்டாந்தரம் ஊத்திக்கிட்டு என்னைக் கேக்குறான் பாரு."

மொத்த வியாபாரி ஒருவரும் வந்து பார்த்தார். லோரி அனுப்புகிற அளவுக்கு மீன் இல்லை என்று அவர் சொன்ன விலை, தீவன மூட்டைக்குக்கூட எட்டவில்லை. இன்னும் ஒரு மாதம் வைத்துத் தீனி போட்டால் செலவும் ஏறும், மீனும் யாரும் வாங்காத பருமனுக்குப் போய்விடும். மகன் ஒரு யோசனை சொன்னான்.

"தீவனத்தக் கொறைச்சிருவோம். அதுங்களும் நம்மகூட வெரதம் இருக்கட்டும்."

அவை விரதம் இருக்கவில்லை. ஒன்றை ஒன்று கடித்தன. மறுநாள் வால் பிய்ந்தும் மீசை அறுந்தும் சில மீன்கள் மிதந்தன. மருமகள் அவற்றை வலையால் அள்ளிப் புதைத்தாள். மீதி மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டாள். அப்புறம் உள்ளே போய், அலமாரி அடியில் மடித்து வைத்திருந்த தொழிற்சாலைச் சட்டையை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

நீலச் சட்டை. காற்றில் அது கையை ஆட்டிக்கொண்டு இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. வேலியோரம் போய் நின்றுவிட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்காரப் பெண். மரியாதைக்குக் காக், அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். சாலையோரத்தில் சோற்றுக் கெடாய், சின்னக் கடைதான், வைத்திருக்கிறாள். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், தமிழ் நன்றாக வரும். கறிவேப்பிலை பறிக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆச்சி, யாரு செத்தா?"

"யாரும் சாவல காக். மீனு வெளஞ்சிருச்சு."

"அதுக்கா அழுவுறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானை இருந்திருந்தால் வாயில் அடைத்துக்கொண்டிருப்பாள், தலையைச் சுற்றிய தூடோங்கைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் ஆச்சி, ஈஜோக்குல ஒங்க ஆளுங்க மட்டுந்தான் இருக்காங்களா? எங்களுக்கு வாய் இல்லியா?"

"இவ்ளோ பெருசா ஆயிருச்சே."

"பெருசுதான் சாலாய்க்கு நல்லது. எங்கம்மா போடுவாங்க. இப்ப யாரு ஒக்காந்து போடுறா?"

சாலாய் என்றால் மீனைக் கழுவி, பிளந்து, உப்பு மஞ்சள் தடவி, தேங்காய் மட்டைப் புகையில் மெதுவாக வாட்டி எடுப்பது. கெட்டியான தேங்காய்ப் பாலில் மிளகாய் அரைத்துப் போட்டு அதைச் சமைப்பார்கள்.

மருமகளிடம் சொன்னேன். அவளுக்கு ஆசை, ஆனால் பயம். "அத்தே, வெரத மாசத்துல மீன அறுக்கலாமா?"

எனக்கும் அதுதான் சங்கடம். சாமி படத்தைப் பார்த்து நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே முடிவு செய்தேன். "திங்கக் கூடாதுன்னுதான் நேந்துக்கிட்டோம், பொழைக்கக் கூடாதுன்னு இல்ல. சனிக்கிழமை மட்டும் அடுப்பு மூட்ட வேணாம். மத்த நாளு, குளிச்சிட்டு வெளக்கேத்துவோம்."

அறுக்கிற வேலையைக் காக் எடுத்துக்கொண்டாள். மகன் பழைய எண்ணெய்த் தோம்பை, அந்த இரும்புப் பீப்பாயை, நீளமாக வெட்டி மேலே கம்பி வலை போட்டான். மட்டைப் புகையைப் பார்த்துக்கொள்வதும் திருப்பிப் போடுவதும் எங்கள் வேலை. புகை துணியைக் கெடுக்கும் என்று மருமகள் அந்த நீலச் சட்டையையே எடுத்து மேலே மாட்டிக்கொண்டாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன், அந்தக் காலத்து மண்டோர் மாதிரி.

அடுத்த சிக்கல் உப்பு. எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. காக் பாதி நேரம் கெடாயில் இருப்பாள்.

"சரியா இருக்கான்னு எப்டித் தெரியும் காக்?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நோம்பு மாசம் பூரா நான் எப்டிச் சமைக்கிறேன்னு நெனச்சீங்க? பசார்ல விக்கிற அத்தனை கறியும் ருசி பாக்காமத்தான். கையில அள்ளும்போதே தெரியும் ஆச்சி. அப்புறம் மோந்து பாக்கணும்." என் கையைப் பிடித்து, உப்பை அள்ளவைத்து, கொஞ்சம் உதறவைத்துக் காட்டினாள். "இவ்ளோதான். மறக்காதீங்க."

அத்தனை வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் பட்டினியோடு சமைத்த வாசனையை மோந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் இதை நினைத்ததில்லை.

முதல் நாள் சாலாய் பொன்னிறமாக, கொஞ்சம் கறுப்போடி வந்தது. அந்த மணம் இருக்கிறதே, சாமி சோதிப்பது என்றால் அதுதான். மருமகள் இரண்டு முறை எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன். என்னுடையதை எண்ணவில்லை. காக் கெடாயில் மாட்டிய மீன் மத்தியானத்துக்குள் தீர்ந்தது. சமைத்ததைத் தின்றவர்கள், சமைக்காததையும் வீட்டுக்குக் கேட்டார்கள். சபாக் பக்கம் சரக்கு இறக்கப் போன மகன், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் அவர்களே போன் செய்து கேட்டார்கள். புரட்டாசி முடிவதற்குள் பெரிய மீன் இருந்த தொட்டி காலி. மற்றத் தொட்டியில் பிரித்து விட்ட சின்ன மீன் மெதுவாக வளர்ந்து, நம்மவர்களுக்காகத் தயாராக இருந்தது.

ஐப்பசி பிறந்த அன்று காக் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்களுக்கென்று எடுத்துவைத்த சாலாயைத் தேங்காய்ப் பாலில் சமைத்திருந்தாள். நாங்கள் வளர்த்த மீனை அன்றுதான் முதன்முதலாகத் தின்றோம். நான் வெறும் துண்டை ஒரு வாய் வைத்தேன்.

"காக், உப்பு தூக்கலா இருக்கே."

"கொழம்போட தின்னுங்க ஆச்சி. பாலு இழுத்துக்கும்."

இழுத்துக்கொண்டது. பேத்தி இரண்டு பக்கமும் ஒழுங்காகத் தொங்குகிற பின்னலோடு உட்கார்ந்து மூன்று துண்டு தின்றாள்.

தீபாவளிக்கு முன்னால் மேற்பார்வைக்காரம்மா போன் செய்தாள். மருமகள் தொட்டியோரம் நின்றிருந்தாள். மீன் விற்ற காசிலேயே புதுக் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் அன்றுதான் சொல்லிவிட்டிருந்தாள். நான் வாளி மூடியைத் தட்டிவிட்டேன். தெரியாமல்தான். எழுதுகிறவள் நம்பவில்லை.

"வர்றியாம்மா? எடம் வச்சிருக்கேன்."

"இல்லக்கா. சட்டையெல்லாம் பொகை நாத்தம். போட்டுக்கிட்டு வந்தா பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க."

"அங்க என்னம்மா அவ்ளோ சத்தம்? மழையா?"

"இல்லக்கா, மீனுங்க சாப்பிடுது," என்றாள் மருமகள்.

நான் இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன்.