இறங்கினால் நல்லது

என் மாமனாருக்குக் காலையில் காபி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மேட்டூர் நீர்மட்டம் தெரிந்தாக வேண்டும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான். அணையில் அரை அடி ஏறியிருந்தால் டீக்கடையே சிரிக்கும். ஒரு அடி இறங்கியிருந்தால் அன்றைக்கு அவரிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. இந்தப் பழக்கத்தோடுதான் மனிதர் என்னுடன் சென்னைக்கு ரயிலேறினார்.

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. என் கணவர் துபாயில் இருந்தார். லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்ற நிலை. ஆகவே ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு நான் துணை, எனக்கு மாமனார் துணை.

ஆபரேஷன் முடிந்து குழந்தையை ஐ.சி.யு.வில் வைத்தார்கள். பெற்றவளுக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் ஐந்து நிமிடம். மாமனார் கதவருகே நின்றுகொண்டு, போகிற வருகிற நர்ஸை எல்லாம் மறித்து, "புள்ளைக்கு எப்படிம்மா இருக்கு?" என்பார். தொல்லை தாங்காமல் ஒரு நர்ஸ் நின்றார்.

"ரத்தத்துல லாக்டேட்னு ஒண்ணு பார்த்துக்கிட்டே இருக்கோம் ஐயா. அதை வச்சுத்தான் புள்ள எப்படித் தேறும்னு சொல்ல முடியும். இப்ப ஆறு இருக்கு."

மாமனாருக்குப் போன உயிர் திரும்பிவந்தது. இத்தனை டாக்டர்கள் பேசியதில் அவருக்குப் பிடிபட்டது இந்த ஒரு எண்தான்.

மாலையில் அது எட்டானது என்று கேட்டதுமே மாமனார் வாசலுக்கு ஓடினார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போன என்னிடம் அதே நர்ஸ் பொறுமையாக விளக்கினார். "உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தலேன்னா இது ஏறும்மா. ஆபரேஷன் ஆன உடனே கொஞ்சம் ஏறுறது உண்டுதான். ஆனா இனிமே இறங்க ஆரம்பிக்கணும். இறங்கலேன்னா கஷ்டம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால், மாமனார் வராந்தா முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"எட்டாயிடுச்சும்மா. காலையில ஆறு, இப்ப எட்டு. ஊருக்கும் சொல்லிட்டேன்" என்றார். வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து டீக்கடைக்குப் பேசியிருக்கிறார். இதற்குள் மாரியம்மன் கோயிலில் தேங்காயும் உடைத்தாகிவிட்டதாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டாரா இந்த மனிதர் என்று கத்துவதற்காகத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு மாதமாக அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. திறந்த வாயில் ஒரு மிட்டாயைப் போட்டார். தின்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு கடலைமிட்டாய் மெல்வது எவ்வளவு கஷ்டம் என்று மென்றவர்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்து ஆறரை என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மாமனாரோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்றரை அடி இறங்கிடுச்சேம்மா."

"மாமா, இது மேட்டூர் இல்ல. இது இறங்கணும். இறங்கினாத்தான் புள்ளைக்கு நல்லது."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நேத்து ஏறினது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா மிட்டாய் தின்ன?"

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு எழுந்து போய் எனக்குக் காபி வாங்கி வந்தார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் கையால் நான் வாங்கிக் குடித்த முதல் காபி அதுதான். சர்க்கரையே இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

அடுத்தது பூத். ஊருக்கு விஷயத்தைத் திருத்திச் சொல்ல வேண்டுமே. டீக்கடைக்காரர் கத்தியது எனக்கே கேட்டது. "நேத்து ஏறுச்சுன்னு தேங்காய் உடைச்சோம். இன்னைக்கு இறங்கணும்ங்கறீங்க. ஆத்தா எதைத்தாங்க கேட்கும்?"

"ரெண்டாவதா சொன்னதைக் கேட்கச் சொல்லுப்பா" என்றார் மாமனார்.

ஆத்தா கேட்டாள். ஐந்து, மூன்றரை, இரண்டு. மூன்றாம் நாள் நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார். "ஒண்ணா இறங்கிடுச்சு. மூச்சுக் குழாயை எடுத்தாச்சு. உங்க பொண்ணு கத்துறா, வந்து கேளுங்க." ஓடினேன். தொண்டை கட்டிப்போன குரலில் என் மகள் அழுதுகொண்டிருந்தாள். அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பூத்துக்குப் போனோம். மாமனார் நம்பரைப் போட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லும்மா. அந்த வார்த்தை என் வாயில வராது."

எழுபது வயது வரை பயந்த வார்த்தை அல்லவா. நான் வாங்கிக்கொண்டேன். "என்னம்மா ஆச்சு?" என்றார் டீக்கடைக்காரர்.

"வத்திடுச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் டீக்கடையே கைதட்டியது. மாமனார் தன் காதையும் ரிசீவரோடு ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.