சுவரைப் பார்த்திருக்கும் மாதா

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கப் போனால், பேக்கரி அண்ணாச்சி என்னை "ரஷ்யாக்காரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அணுமின் நிலைய வேலைக்கு வந்த ரஷ்யர்கள் கடைகண்ணிக்கு இந்தப் பக்கம் வருவதால், வெள்ளைத்தோல் என்றாலே இங்கே ரஷ்யாதான். "நான் போலந்து, அண்ணாச்சி" என்றேன் ஒருநாள். "அது ரஷ்யாவுக்குள்ளதான இருக்கு?" என்றார், பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே. எனக்குச் சுருக்கென்றது. என் கொள்ளுத்தாத்தா காலத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் ரஷ்யா கெட்ட வார்த்தை. அப்பாவின் அப்பாவை ரஷ்யப் படை பிடித்துக்கொண்டு போனது, அவர் திரும்பவில்லை. பள்ளியில் ரஷ்ய மொழி கட்டாயம். வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதுவது எங்களுக்கு வீரம். நான் மட்டும் திருட்டுத்தனமாக அதில் கவிதை படித்தேன். கல்லூரியில் கூடப் படிக்க வந்த மாஸ்கோக்காரி வேரா சிநேகிதியானாள். ரஷ்யக் கிறிஸ்தவர்களின் ஆர்த்தடாக்ஸ் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே வாத்தியமே கிடையாது, வெறும் தொண்டைதான். அந்தப் பாட்டில் சொக்கிப்போய் ஒரு புத்தகமே எழுதினேன். "உன் தாத்தாவை விற்றுவிட்டாய்" என்றார் அப்பா. படை வேறு, பாட்டு வேறு என்று சண்டை போட்டேன். அவர் சாகும்வரை அது தீரவில்லை.

கப்பலில் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரரைக் கட்டிக்கொண்டு நான் கிளம்பியபோது, பலகையில் வரைந்த மாதா படம் ஒன்றை வேரா தந்தாள். மாமியார் அதை "ஒங்க ஊரு மாதா" என்று வீட்டுப் பீடத்தில் ஏற்றி மல்லிகை சூட்டிவிட்டார். அது ரஷ்ய மாதா என்று நான் திருத்தவில்லை.

உக்ரைன் மேல் ரஷ்யா போர் தொடங்கியதும் வேராவுக்கு எழுதினேன். பதில் வந்தது. அவளுடைய பங்குச் சாமியார் பீரங்கிகளுக்குத் தீர்த்தம் தெளித்தாராம், அவள் பாடும் கோயில் பாடகர் குழு பாடியதாம். என் புத்தகம் எந்தப் பாட்டில் தொடங்குகிறதோ, அதே பாட்டு. "உங்கள் ஆட்களுக்கு எங்கள்மேல் என்றைக்கும் வெறுப்புதான்" என்று முடித்திருந்தாள். முப்பது வருடம் ஏமாந்திருக்கிறேன். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. இதைப் போலிஷ் மொழியில் எழுதினால் "அப்போதே சொன்னோமே" என்பார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

பதில் வந்த அன்றே மாதா படத்தை எடுக்கப் போனேன். "ஏளா, பீடத்துல ஏத்துனத எறக்கப்புடாது" என்றார் மாமி. அவர் அடுக்களைக்குப் போனதும் படத்தின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

மாலை ஆறு மணி ஜெபத்துக்கு மெழுகுவர்த்தியோடு வந்த மாமி பலகையின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தார். அங்கே எழுத்து இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"என்ன எழுதிருக்கு?"

"என் தங்கச்சிக்கு, வேரா."

"வேராவா? கப்பல்ல போயிருக்காளோ?"

எங்கள் வீட்டில் கடலில் இருப்பவர்களின் பெயரைத்தான் எழுதிப் பீடத்தில் வைப்பார்கள். "தூரமாப் போயிட்டா, மாமி" என்றேன். அவர் அந்த எழுத்தின்மேல் பூவைப் போட்டார்.

அன்றிலிருந்து தினமும் மாமி ஜெபத்தில் சொல்லும் அந்தப் பெயர்ப் பட்டியலில் என் கணவர் பெயருக்கு அடுத்தது அவள் பெயர். படத்தைத் திருப்பினால் ரஷ்யர்களுடைய மாதாவின் முகம்; திருப்பாவிட்டால் அவள் கையெழுத்து. இரண்டில் ஒன்றின் முன் நான் முழங்கால் போட்டாக வேண்டும். வேராவும் நல்லபடியாகக் கரை வந்து சேரட்டும் என்று மாமி ஜெபத்தை முடித்து, ஆமெனுக்காக என்னைப் பார்க்கிறார். எனக்கு உதடு மட்டும் அசைகிறது.