புல் லோரியில் இரண்டு முறை: ஈஜோக்கிலிருந்து பல்கலைக்கழகத் திடல் வரை

போன வாரம் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். கோலசிலாங்கூர்ப் பக்கம் இருக்கிறார். அவர் மகளைக் கோலாலம்பூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஓட்டப்பந்தயத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். எந்த வழியாகப் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, உள்ளே போனதும் எங்கே நிற்பது என்று சொல்ல முடியுமா என்கிறார். சொல்லலாம். அந்த வளாகத்துக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டும் எண்பதுகளில், இரண்டும் லோரியில். முதல் முறை புல்லைக் கொண்டுபோய்ப் போட்டோம். அடுத்த முறை அதே புல்லை அள்ளிக்கொண்டு வந்தோம். வழியை மறந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

அப்போது நான் காசிம் நானாவின் லோரியில் கெலிண்டானாக இருந்தேன். சாமான் ஏற்றுவது, இறக்குவது, லோரி பின்னால் வரும்போது "வா, வா, போதும்" என்று கத்துவது, இதுதான் கெலிண்டான் வேலை. நானாவின் குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அவருடைய தம்பிகள் கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். இவருக்கு மட்டும் அடுப்படி ஒத்துவரவில்லை. நாள் பூராவும் யாரையாவது திட்டிக்கொண்டே ஓட்டுவார், ஆனால் மனதில் ஒன்றும் இருக்காது.

எங்கள் தோட்டம் அசாம் ஜாவாவுக்கும் ஈஜோக்குக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு எதிரே பெரிய திடல், அதன் மூலையில் ஒரு மரம், மரத்தடியில் முனீஸ்வரர். அவர் இருப்பதால் திடலில் யாரும் செருப்போ சப்பாத்தோ போட்டு இறங்கமாட்டோம். பந்தாட்டம்கூட வெறுங்காலில்தான். வெளித்தோட்டத்து டீம் வந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றாத டீம் தோற்றுப் போனால் எங்களில் யாரும் ஆச்சரியப்படமாட்டோம்.

அந்தத் திடலில் ஓடி வளர்ந்தவள் என் தங்கை வசந்தா. எண்ணூறு மீட்டர் ஓட்டம். பள்ளிக்கூடத்துக்காக ஓடி, மாவட்டத்துக்காக ஓடி, சிலாங்கூர் மாநிலத்துக்காகவும் ஒரு முறை ஓடிவிட்டாள். அப்பா ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், பிறகு செம்பனைக் குலை வண்டி தள்ளினார். முனீஸ்வரருக்கு விளக்கு வைப்பதும் அவர்தான். மகள் ஜெயித்து வரும் நாளில் சாமிக்கு ஒரு சுருட்டு கூடுதலாகக் கிடைக்கும்.

அந்த நேரத்தில்தான் இதே பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் கட்டட வேலையை ஆரம்பித்திருந்தது. பெயர் வேண்டாம். நகரத்தின் நடுவிலேயே மேட்டை வெட்டிப் புதிய விடுதிகள், நீச்சல் குளம், படிக்கட்டு வைத்த விளையாட்டரங்கம். சிவப்பு ரப்பர் ஓடுபாதை போடுகிறார்கள், நல்ல ஓட்டக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பள்ளிக்கூடம் வரைக்கும் பேச்சு வந்தது. ஓடுபாதைக்கு நடுவில் போட அவர்களுக்கு நிறையப் புல் தேவைப்பட்டது. எங்கள் தோட்டத்து நிர்வாகம் திடலை விற்றது. மண்ணை அல்ல, மேலே இருந்த புல்லை மட்டும். புல் போனதும் அங்கே செம்பனை நாற்று வைக்கப் போவதாகச் சொன்னார்கள். எங்களைக் கேட்டா விற்பார்கள்? வெட்டுவதற்கு மட்டும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

லயத்தில் பெண்கள் அழுதார்கள். பையன்கள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக் கூரையில் கல்லெறிந்தார்கள். அப்பா ஒருவர்தான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். முதல் வெட்டு விழுவதற்கு முன் கோழி அறுத்து, சாராயமும் சுருட்டும் வைத்து, கற்பூரம் ஏற்றினார். சாமியிடம் சத்தமாகவே பேசினார். "புல்லு போற எடத்துக்கு நீயும் போ. நாளைக்கு எம்புள்ள அங்கதான் ஓடப் போவுது. அதுக்குத் தொணையா நில்லு" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. எனக்கும்தான். திடலும் போய், வசந்தாவும் போய், இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் அது எப்படி நஷ்டமாகும் என்று நினைத்தேன்.

சதுரம் சதுரமாக வெட்டி, அடுக்கி, மேலே நனைந்த கோணிச் சாக்கைப் போட்டு மூடி, பல வாரம் கம்பெனி லோரிகளில் ஏற்றிவிட்டோம். வெயில் ஏறுவதற்கு முன் இறக்காவிட்டால் புல் பழுத்துவிடும். நடுத்திடலுக்கான புல் முதலில் போய் அங்கே வேர் பிடித்துவிட்டது. பார்வையாளர் சரிவுக்கான கடைசி லோடு மட்டும் நானாவின் லோரிக்கு வந்தது. அது கிளம்பிய அதே சனிக்கிழமைதான் வசந்தாவுக்கு அங்கே ஓட்டத் தேர்வு. நானாவே சொன்னார், "பஸ்ஸுக்கு நிக்க வாணாம் லா. அப்பனும் மவளும் முன்னுக்கு ஏறுங்க. கெலிண்டான் தொரை பின்னால புல்லு மேல படுத்துக்கிட்டு வரட்டும்."

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஈஜோக், சுங்கை பூலோ, கெப்போங் வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். லோடு லோரிக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. சுங்கை பூலோ வரைக்கும் இரண்டு பக்கமும் மரம்தான். கெப்போங்கிலிருந்து ஒரே புழுதி, லோரி, மோட்டார்சைக்கிள். வழியில் ஒரு கடையில் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டோம். வசந்தா பாதி ரொட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் அவளைச் சும்மா விடவில்லை.

"என்னா, யுனிவர்சிட்டி சாப்பாட்டுக்கு எடம் வச்சிருக்கியா?"

"நெறஞ்ச வயித்தோட ஓட முடியாதுண்ணே. பேசாம சாப்புடு" என்றாள்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் அப்பா ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தபடி வந்தார். எங்கே பார்த்தாலும் கிரேன், இரும்புக் கம்பி, கடப்பாறைச் சத்தம். பாதி எழும்பிய விடுதிகளுக்கு ஜன்னல் இல்லை. எல்லாவற்றுக்கும் நடுவில் சிவப்பு ஓடுபாதை, அதற்குள்ளே எங்கள் புல். பச்சைப் பசேலென்று கிடந்தது. தோட்டத்தில்கூட அவ்வளவு அழகாக இருந்ததில்லை. வசந்தா கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அது நம்ம திடலுண்ணே" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நானும் நானாவும் சரிவில் புல் இறக்கினோம். அப்பா வேலியோரம் நின்றார். ஓடுகிற பெண்களை ஒரு கூடாரத்தில் உட்கார வைத்தார்கள். எண்ணூறு மீட்டர் தொடங்கும் கோடு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. வசந்தாவுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் இரவல் வாங்கித் தந்த ஆணிச் சப்பாத்து. ஒரு சைஸ் பெரியது. உள்ளே பஞ்சு அடைத்து, கணுக்கால் வரை பிளாஸ்டர் சுற்றிக் கட்டியிருந்தாள்.

எண்ணூறு மீட்டர்ப் பெண்களைக் கோட்டுக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். மற்றப் பெண்கள் அப்படியே புல்லில் இறங்கி, ஆணிச் சப்பாத்தோடு குறுக்கே ஓடினார்கள். வசந்தா ஓரத்தில் நின்றுவிட்டாள். குனிந்து சப்பாத்தையும் பிளாஸ்டரையும் பார்த்தாள். அவிழ்த்துத் திரும்பக் கட்ட நேரமில்லை. நிமிர்ந்து அப்பாவைத் தேடினாள். அப்பா வேலிக்கு வெளியே இருந்து கையை வட்டமாகச் சுற்றிக் காட்டிக் கத்தினார்.

"குறுக்கால போவாதம்மா! சுத்திப் போ! சுத்திப் போ!"

அவள் தலையாட்டிவிட்டு ஓடுபாதையின் வெளி ஓரமாகச் சுற்ற ஆரம்பித்தாள். நன்றாகத்தான் ஓடினாள். வளைவில் ஒரு அதிகாரி கையை நீட்டி நிறுத்தினார். ஆண்களின் தடையோட்டம் ஒன்று அப்போதுதான் முடிந்து, தடைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் தடை நகரும் வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். வசந்தா ஓட்டம் தொடங்கும் கோட்டைக் காட்டி மலாயில் கெஞ்சுவது எனக்குத் தெரிந்தது. அவர் புல்லைக் காட்டினார். குறுக்கே போயேன், என்ன தயக்கம் என்று கேட்டிருப்பார். அவள் காலில் இருந்த சப்பாத்தைக் காட்டி, மாட்டேன் என்று தலையாட்டினாள். ஒலிபெருக்கி அவள் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. கடைசித் தடை நகர்ந்த கையோடு துப்பாக்கி வெடித்தது.

எண்ணூறு மீட்டருக்கு ஒரே ஓட்டம்தான். நானா போய் அதிகாரியிடம் வாதாடிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். "தாவுன் டெப்பான் லா" என்றார். அடுத்த வருஷம் பார்க்கலாம். ஜெயித்த பெண்ணைவிட எங்கள் வசந்தா வேகமானவள். மாவட்டப் போட்டியில் அவளை இரண்டு முறை தோற்கடித்திருக்கிறாள்.

திரும்பும்போதும் நான் முன்னால் ஏறவில்லை. காலி லோரியின் பின்பக்கம், ஈரச் சாக்கின் மேல் வசந்தாவோடு உட்கார்ந்து வந்தேன். பிளாஸ்டரைப் பிய்த்துப் பிய்த்து ரோட்டில் போட்டாள். அழவில்லை. முன்னால் நானா அப்பாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து அவர் யாரையும் திட்டவில்லை.

அடுத்த வருஷம் வந்தது. ஓடிப் பழகத் திடல் இல்லை. புல் உரித்த தரையில் முதல் மழைக்கே தண்ணீர் நின்றது. பிறகு நாற்றுப் பைகள் வந்து அடைத்துக்கொண்டன. கொஞ்ச நாள் லோரி ரோட்டில் ஓடிப் பார்த்தாள். கல் குத்திக் கால் வீங்கியது. அதோடு விட்டுவிட்டு, செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே தோழிகளோடு வாடகைக்கு இருந்தாள்.

இரண்டாவது பயணம் சில வருஷம் கழித்து, எண்பதுகள் முடிகிற சமயம். "இந்தத் தடவ காலியா போறோம், நெறச்சிக்கிட்டு வரணும்" என்றார் நானா. எங்கே என்று கேட்டேன். அவர் கியரை மாற்றினார். சுங்கை பூலோ தாண்டியதும் எனக்கே புரிந்துவிட்டது.

வளாகம் அடையாளம் தெரியவில்லை. விடுதிகளுக்கு ஜன்னல் வந்து, கொடியில் துணி காய்ந்தது. படிக்கட்டுக்கு மேல் கூரை. பிள்ளைகள் ஒரே நிறத்து உடையில் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். பெரிய போட்டி நடத்தப் போகிறார்களாம், அதனால் அரங்கத்தை இன்னும் பெரிதாக்குகிறார்கள். நடுவில் ஒரு இயந்திரம் எங்கள் புல்லைச் சுரண்டி ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தது. எதற்கு என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "இது தோட்டத்துப் புல்லுப்பா. முரடு. தண்ணி வேற நிக்குது. மணல் போட்டு வெளிநாட்டுப் புல்லு வைக்கிறோம்" என்றார். தமிழர்தான். எந்தத் தோட்டத்துப் புல் என்று அவருக்குத் தெரியாது.

குவியலின் மேல் ஏறுவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றினேன். சூப்பர்வைசர் சிரித்தார். நானா அவரிடம், "அவன் கால் அவன் இஷ்டம், ஒங்க வேலையப் பாருங்க" என்றார். வெறுங்காலோடு அள்ளி நிரப்பினேன். பழுத்து, சேறாகி, நெகிழித் துண்டுகள் கலந்து கிடந்தது. கொட்டச் சொன்ன இடம் ஈஜோக்கைத் தாண்டிப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், கைவிட்ட ஈயச் சுரங்கத்துக் குட்டை. எங்கள் தோட்டத்திலிருந்து வண்டியில் கால் மணி நேரம்தான் இருக்கும். கொட்டினோம். கொஞ்ச நேரம் மிதந்தது, பிறகு கலங்கல் தண்ணீரில் இறங்கிவிட்டது.

வழி கேட்ட வாசகிக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் கோலசிலாங்கூரிலிருந்து பஸ்ஸுக்கு மூன்று ரிங்கிட் வெள்ளிக்குள்தான். இன்றைய கட்டணத்தை நிலையத்திலேயே கேளுங்கள். சுங்கை பூலோ வழியே நல்லது. கெப்போங்கில் காலை நெரிசல் அப்போதே இருந்தது, அதனால் ஆறு மணிக்கு முன் கிளம்புங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். சப்பாத்து இரவலாக இருந்தாலும் சரியான சைஸா என்று பாருங்கள். பிளாஸ்டர் வேண்டாம். அரங்கத்தில் நிழல் பக்கம் உட்கார இடம் இருக்கும். அங்கிருந்து கோடு தெரியும்.

இன்னும் ஒன்று. இரண்டாவது பயணம் முடிந்த அந்தத் தீபாவளிக்கு வசந்தா செரண்டாவிலிருந்து வந்திருந்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை. லயத்து வாசலில் அப்பா சின்னக் கத்தியால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். புல்லைக் குட்டையில் கொட்டிவிட்டு வந்ததைச் சொன்னேன். வசந்தா முறுக்கைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு நான் குறுக்காலயே போயிருக்கலாம்லண்ணே?"

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். எழுந்தார். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டார். திடல் இருந்த இடத்துக்குள் இறங்கி, நாற்றுகளுக்கு நடுவே, முனீஸ்வரர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், குறுக்கே நடந்து போனார்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள் அம்மா. பெயரைக் கூப்பிட்டதும் குறுக்கே ஓடச் சொல்லுங்கள், சப்பாத்தோடு.