எஃப்-ஒன் அழுத்துகிறவர்கள்

துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு டயர்க் கிடங்குக்கும் ஏசி பழுது பார்க்கும் பட்டறைக்கும் நடுவே உள்ள மென்பொருள் கம்பெனியில் பானுமதிக்கு வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கம்பெனி செய்து விற்பது ஒரே ஒரு மென்பொருள். ஆலைகளிலும் கப்பல்களிலும் கையேடு எழுதுகிறவர்களுக்கானது. கையேட்டை ஒரு முறை எழுதிவிட்டால் போதும், பிடிஎஃப்பாக எடுக்கலாம், இணையப் பக்கமாக எடுக்கலாம், ஹெல்ப் ஃபைலாகவும் எடுக்கலாம். அந்த மூன்றாவதைச் செய்யும் பகுதி பானுமதி எழுதியது. அதைப் பராமரிப்பதுதான் அவள் வேலை.

கணினியில் எஃப்-ஒன் விசையை அழுத்தினால் ஒரு சின்ன சன்னல் திறந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். அதுதான் ஹெல்ப் ஃபைல். இப்போது அது பழைய சங்கதி. அதைக் கட்டும் கருவியை உண்டாக்கியவர்களே கைவிட்டுவிட்டார்கள். அந்தக் கருவி ஓடுவதற்காகவே பானுமதி மேசைக்கடியில் ஒரு கிழட்டுக் கணினியை வைத்திருந்தாள். நாள் முழுக்க அது அவள் கணுக்காலில் அனல் ஊதும்.

அவள் கணவர் ரகுநாதன் புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. வேலை போனதும் அவருடைய விசாவும் போயிற்று. பானுமதி தன் விசாவின் கீழ் அவரைச் சேர்த்துக்கொண்டாள். மருத்துவக் காப்பீடும் அவள் கம்பெனி கொடுத்தது. அவளுக்கு வேலை இருக்கும்வரை அவருக்கு டாக்டர் உண்டு, மருந்து உண்டு, இந்த நாட்டில் படுக்க ஒரு கட்டில் உண்டு. ஊரில் இருப்பது அவர் தம்பி வீட்டு மாடி அறை. படி ஏறித்தான் போக வேண்டும். பிள்ளைகள் இல்லை.

மேலாளர் ஷியாமளா துபாயிலேயே பிறந்து வளர்ந்த பெண். கெட்டவள் இல்லை. ஒரு நாள் காலையில் பானுமதியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"பானு, அந்த ஹெல்ப் ஃபைல் மாட்யூலுக்கு ரொம்ப நாளா ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரல. யாரும் யூஸ் பண்ணலன்னுதானே அர்த்தம்? ரிமூவ் பண்ணிடலாம்."

"கம்ப்ளெயின்ட் வரலைன்னா அது ஒழுங்கா ஓடுதுன்னும் அர்த்தம் உண்டு. ஆலைல நெட் கிடையாது ஷியாமளா. அவங்களுக்கு இதை விட்டா வேற இல்ல."

"ஓகே, ஃபேர். ஒரே ஒரு கஸ்டமர் இது வேணும்னு மெயில் போடட்டும். மாசக் கடைசிக்குள்ள. ஒரு வருஷம் தள்ளி வைக்க நானே மேல பேசறேன்."

பானுமதியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியதும் அதே மாசக் கடைசியில்தான். அதை இருவரும் வாயால் சொல்லவில்லை.

ஒரு மெயில்தானே என்று பானுமதி நினைத்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லாரிகள் நிற்கும் நிழலில் நின்று சவூதியில் ஜுபைலுக்குப் போன் செய்தாள். அங்கே ஒரு ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் கார்மேகம் வேலை பார்க்கிறான். எப்போதோ சன்னல் திறக்கவில்லை என்று கம்பெனிக்குப் போன் செய்தவன், எடுத்தவள் சாத்தூர்ப் பக்கம் என்று தெரிந்ததும் ஒட்டிக்கொண்டான். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் விசாரிப்பான்.

"யக்கா, சொல்லுங்க. அண்ணன் எப்டி இருக்காரு?"

"இருக்காரு. கார்மேகம், அந்த ஹெல்ப் ஃபைல இன்னும் பாக்கியா?"

அவன் குரலைத் தணித்தான். "அது இல்லாட்டி நா எங்கக்கா? அலாரம் அடிச்சா மொதல்ல எஃப்-ஒன்னத்தான் அமுக்குவேன். இங்க எல்லாப் பயலும் அப்டித்தான். வெளிய ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

"அப்ப ஒரு மெயில் போடு. இது வேணும்னு ரெண்டு வரி."

மறுமுனையில் சிரிப்பு வந்தது. "வெளையாடுறீங்களா? ஏஜென்ட் எனக்குப் பத்து வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு சர்ட்டிபிகேட் அடிச்சுக் குடுத்தான். நா பாத்தது என்னமோ தீப்பெட்டி ஆபீஸ் வேல. இப்பப் போயி எனக்கு ஹெல்ப் வேணும்னு எழுத்துல குடுத்தா, 'பத்து வருஷம் பாத்தவனுக்கு எதுக்குடா ஹெல்ப்பு'ன்னு மேனேஜர் கேப்பான். கலாஸ், அதோட முடிஞ்சுது. மறுநாள் ஃப்ளைட்டு."

"ஒங்க சூப்பர்வைசர் போடலாம்லடா?"

"அவரா? நா டூட்டி முடிஞ்சு கெளம்புனதும் அமுக்கிப் பாக்குறவருதான் அவரும். காலைல வந்தா சன்னல் தொறந்தே கெடக்கும். மூடக்கூடத் தெரியாது மனுசனுக்கு."

பானுமதிக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடினாள். புஜைராவில் கப்பல்காரர்கள் சிலரைக் கேட்டாள். "எங்க ஆளுங்களுக்கு எல்லாம் தெரியும் மேடம், ஹெல்ப் எல்லாம் வேண்டியதில்ல" என்றார்கள். வேலை தெரியும் என்று சொல்லித்தான் ஒவ்வொருவனும் இங்கே விமானம் ஏறியிருக்கிறான். தெரியாது என்று ஒருவனும் கையெழுத்துப் போட மாட்டான். தேவை இருந்தால் கேட்பார்கள் என்று அவள் போட்ட கணக்கே தப்பு.

மாசக் கடைசி நெருங்கியது. "ஜுபைல்ல பாக்குறாங்க, எனக்குத் தெரியும்" என்று ஷியாமளாவிடம் சொன்னாள்.

"யாரு? பேர் சொல்லுங்க. அவங்க மேனேஜருக்கு நானே எழுதறேன்."

பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மேனேஜர் சூப்பர்வைசரைக் கேட்பார். எங்களுக்கு அது தேவையே இல்லை என்று சூப்பர்வைசர் சொல்வார். கார்மேகம் ஊருக்குப் போவான். மாட்யூலும் போகும். இவளுக்குப் பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். சொல்லிப் பயனில்லை என்றுதான் சொல்லவில்லை.

"பேர் ஞாபகம் இல்ல" என்றாள்.

நீக்கும் வேலையையும் அவளுக்கே கொடுத்தார்கள். விசா புதுப்பித்துக் கையில் வரும்வரை எந்த வேலையையும் முடித்துக் கொடுக்காதே என்பது வளைகுடாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த பாடம். பாதியில் நிறுத்தி, இங்கே சிக்கல் அங்கே சிக்கல் என்று இழுத்திருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை. படுக்கைப் புண்ணைப் பாதி துடைத்துவிட்டு மூடினால் உள்ளே சீழ் வைக்கும் என்று தினமும் பார்க்கிற கை அது. மெனுவில் இருந்த பெயரை எடுத்தாள். அமைப்புகளில் இருந்ததை எடுத்தாள். சோதனைகளை எடுத்தாள். ஹெல்ப் ஃபைலைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பழைய கையேடுகள் பிழை காட்டாமல் இணையப் பக்கமாக மாறித் திறக்க வழி செய்தாள். கடைசியில் மொத்தத்தையும் ஓட்டிப் பார்த்தபோது ஒரு பிழைகூட இல்லை.

"சூப்பர் க்ளீன், பானு" என்று ஷியாமளா மனசாரச் சொன்னாள். அவ்வளவு சுத்தமாக எடுத்ததில், அவள் அங்கே இருந்ததற்கான தடமும் போய்விட்டது. மேசைக்கடியில் இருந்த கணினியை இரண்டு பேர் வந்து தூக்கிப்போனார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஷியாமளாவுக்குக் கண் கலங்கியது. பானுமதிதான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

ஜுபைலில் அடுத்த முறை கையேட்டைப் புதுப்பிக்கும்போது அது இணையப் பக்கமாகத்தான் வரும்; நெட் இல்லாத அந்த ஆலையில் எஃப்-ஒன் வெறும் வெள்ளைச் சன்னலைத் திறக்கும். அதற்கும் யாரும் புகார் எழுதப்போவதில்லை.

அவர்கள் குடியிருந்த ஷார்ஜா ஃப்ளாட்டில் பக்கத்து வீட்டு ஹஃபீஸா, கீழக்கரைக்காரி, பகலில் ரகுநாதனைப் பார்த்துக்கொள்கிறவள், விசா முடிகிறது, இருவரும் ஊருக்குப் போயாக வேண்டும் என்று தெரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்ட்ரெச்சர்ல வச்சுக் கொண்டு போவலாம்ல அக்கா?"

"கூட நர்ஸ் வரணும். டாக்டர் எழுதிக் குடுக்கணும். ஏர்லைன் ஒத்துக்கணும். அதுக்கெல்லாம் காசு எங்க? மதுரை வரைக்கும் சீட்ல உக்காந்து வந்துட்டாருன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"யா அல்லாஹ், அந்த மனுசனை உக்கார வைக்கப் போறீங்களா! யார்ட்டயாச்சும் ஒதவி கேளுங்களேன்."

"கேக்கலாம். மொதல்ல அந்த நாற்காலிய இழுங்க, உக்கார வச்சுப் பாப்போம்."

சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோரம் போட்டார்கள். பானுமதி அவருடைய அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். குதிகால்களைத் தரையில் ஒழுங்காகப் பதித்தாள். ஹஃபீஸாவின் துப்பட்டாவை மார்பைச் சுற்றிக் கட்டினாள். வலப்பக்கம் தலையணை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

ரகுநாதன் அவளைப் பார்த்துக்கொண்டே மெல்ல வலப்பக்கம் சரிந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டு, தலையணையை இன்னும் உயர்த்தி வைத்து நிமிர்த்தினாள். மறுபடியும் சரிந்தார்.

"முடியாதுக்கா" என்றாள் ஹஃபீஸா.

"தெரியும்" என்றாள் பானுமதி. "அந்தப் பக்கம் பிடிங்க."