மச்சானும் நானும் ஏலம் கேட்ட குதிரைக்குட்டி

என் ஜட்கா குதிரை மாசி மாதம் செத்துப்போனது. வயசாகிவிட்டது, போனது.

ராமேஸ்வரத்தில் ஜட்கா ஓட்டுகிறவனுக்குத் தை அமாவாசை, ஆடி அமாவாசை இரண்டும்தான் பிழைப்பு. மற்ற நாளில் ஸ்டேஷன் வாசலில் கொட்டாவி விடலாம். வீட்டுக்காரி சுருக்கமாகச் சொன்னாள்.

"ஆடிக்கு வண்டி கட்டலைன்னா வண்டிய வித்துருவோம். நீங்க எங்கண்ணன்கிட்ட மீன் கூடை தூக்கப் போங்க."

அவள் அண்ணன், என் மச்சான், பாம்பன் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். நல்ல மனுஷன்தான். ஆனால் காலை முதல் மாலை வரை பேசுவார். அவருக்குக் கீழே கூடை தூக்குவதைவிட நான் கடலில் இறங்கிவிடலாம்.

மெட்ராசுக்கு மீன் லோடு அடிக்கும் லாரி டிரைவர் ஒருவர் ஒரு வழி சொன்னார். அங்கே ரேஸ் குதிரைக்குட்டிகளை ஏலம் விடுகிறார்களாம். நல்லதையெல்லாம் பணக்காரர்கள் எடுத்துப்போவார்களாம். கடைசியில் நிற்கிறதை யாரும் சீந்துவதில்லையாம்.

"ஏலம்னா நான் வாரேன் மாப்ளே," என்றார் மச்சான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டாளிகள் சேர்ந்து நின்று மீன் கேட்க மாட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். சேர்ந்து வந்தது தெரிந்தால் விற்கிறவர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள். மச்சான் மெட்ராசிலும் அதையே செய்யச் சொன்னார். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். கேட்பது நான் மட்டும்.

பெரிய கொட்டகை. நாற்காலி போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் ஒவ்வொரு குட்டிக்கும் அப்பன், ஆத்தா, பாட்டன், பூட்டன் பேரெல்லாம் அச்சடித்திருந்தது. என் கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பேர் இல்லை.

கடைசியாக ஒரு செம்பழுப்புக் குட்டி வந்தது. இரண்டு வயசு. மற்றதெல்லாம் துள்ளிக்கொண்டு வந்தன. இது ரேஷன் கடைக்கு வருவதுபோல் வந்தது. நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டது. எனக்குப் பிடித்துவிட்டது.

நாலாயிரம் என்றார் ஏலம் போடுகிறவர். கையைத் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை. அவர் அவசரப்படாமல் தண்ணீர் குடித்தார். கொட்டகையே அமைதி.

மச்சானுக்கு ஏலத்தில் அமைதி ஆகாது. கரையில் அப்படி ஒரு நொடி விட்டால் மீன் கெட்டுவிடும். அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"நாலு, நாலு, நாலு... நாலரை, நாலரை... அஞ்சு!"

ஏலம் போடுகிறவர் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அஞ்சாயிரம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொன்னதே அவர்தான். ஏதோ தந்திரம் வைத்திருக்கிறார் என்று நினைத்து மறுபடியும் கையைத் தூக்கினேன். அவர் குரல் மறுபடியும் ஏறியது. நான் தூக்கினேன். எங்களைத் தவிர அந்தக் குட்டியைக் கேட்க ஒரு ஆள் இல்லை.

கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பெரிய மனிதர் என்னைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். பிறகு அவரும் கையைத் தூக்கினார்.

என்னிடம் இருந்தது ஏழாயிரம். அவர் எட்டு என்றார். மச்சான் அப்போதுதான் முழித்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சுத்தியல் விழுந்தது. குட்டி கூலிங் கிளாஸ்காரருக்குப் போனது.

வெளியே வந்து நின்றோம். மீன் கூடை என் கண்முன் வந்தது. அந்த மனிதர் மனைவியோடு எங்களைத் தேடி வந்தார்.

"அதுல என்ன பார்த்தீங்க? எங்கிட்ட சொல்லலாம்," என்றார்.

"நடந்து வந்துச்சுங்க. யாரையும் கடிக்கல."

"உங்க குதிரையெல்லாம் எங்க ஓடுது?"

"ஸ்டேஷன்லருந்து கோயிலுக்கு."

"அங்க ரேஸ் இருக்கா?"

"ஜட்காங்க."

"அப்ப எதிர்ல போட்டி போட்டாரே, அவர் யாரு?"

"எங்க மச்சான்."

அந்த அம்மா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அவங்களுக்கே குடுத்துடுங்க," என்றார். அவர் கூலிங் கிளாசைக் கழற்றித் துடைத்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, இருக்கிறதைக் கொடுத்து ஓட்டிப்போகச் சொன்னார். ஒரே நிபந்தனை. இந்தக் கதை அவர் நண்பர்கள் காதுக்குப் போகக் கூடாது.

ஊருக்குச் சும்மா திரும்பும் மீன் லாரியில் குட்டியை ஏற்றினோம். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே தூங்கியது. மானாமதுரை தாண்டும்வரை நாங்கள் பேசவில்லை. மச்சான் அவ்வளவு நேரம் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

"நீ ஏன் மாப்ளே கையத் தூக்குன?"

"நீங்க கூறுனீங்க."

"நான் எங்க கூறுனேன். வாய்தான் கூறுச்சு. ஒனக்காவது கை ஒங்கிட்டதான இருந்துச்சு?"

"தந்திரம்னு நெனச்சேன்."

"தந்திரம்," என்று வெளியே பார்த்தார். "எங்கிட்ட என்னைக்கு இருந்துச்சு அது?"

டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார்.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் குட்டியைப் பழக்கினேன். முதலில் வெறும் கயிறு, பிறகு இழுத்துப் பழக ஒரு கட்டை, பிறகு காலி வண்டி. எதற்கும் மறுக்கவில்லை. எதற்கும் அவசரப்படவும் இல்லை. ஆனியில் வீட்டுக்காரியை ஏற்றி ஓட்டினேன். இறங்கும்போது, "சரி," என்றாள். அவள் வாயில் அது பெரிய வார்த்தை.

ஆடி அமாவாசை அன்று விடியும்போதே ஸ்டேஷன் வாசலில் வண்டி கட்டி நின்றேன். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா ஏறி உட்கார்ந்தார்.

"குதிர பளபளன்னு இருக்கே. என்ன ஜாதிப்பா?"

எனக்கும் கொஞ்சம் பெருமை இருக்கும் அல்லவா.

"அசல் ரேஸ் குதிரம்மா. மெட்ராஸ்ல ஏலத்துல எடுத்தது."

பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா அது," என்று நடந்தே போனார்.

அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். நாட்டுக் குதிரை என்றேன். குடும்பத்தோடு ஏறினார்.